யாருக்குச் சுபம்?

பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பது பெரிய புண்ணியம் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் புண்ணியத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைக்கட்டுமே என்று, சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வேலூரிலிருந்து பள்ளிகொண்டாவுக்குப் பஸ் ஏறினேன். புண்ணியம் கிடைக்கவில்லை. ஒரு நண்பரின் சிநேகம் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அன்று மாலை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்டதைச் சொல்லாமல் விடுவதற்கு அந்த வருத்தம் ஒரு காரணம் ஆகாது.

அழைத்தவர் பள்ளிகொண்டாக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அரங்கநாதர் கோயில் உற்சவம் என்றால் முதல் ஆளாக நன்கொடை எழுதுகிறவர். "என் அக்கா பொண்ணு விஷயம் உங்களுக்குத் தெரியுமே. எட்டு வருஷத்துக்கு முன்னே விட்டுட்டுப் போனானே, அந்த மாப்பிள்ளை திரும்பி வந்திருக்கார். திருந்திட்டார். இவள்தான் பிடிவாதம் பிடிக்கிறாள். உங்க கதைன்னா அவளுக்கு உசுரு. அந்த நாவலில் கடைசி அத்தியாயம் எழுதினீங்களே, அதை நீங்களே வந்து அவளுக்கு ஒரு தரம் எடுத்துச் சொன்னால் போதும்" என்றார்.

அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த கதை அது. கதாநாயகி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கணவன் அவளையும் குழந்தையையும் விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறான். முப்பது வாரம் அவள் கஷ்டப்படுகிறாள். முப்பத்தோராவது வாரத்தில் அவன் மழையில் நனைந்துகொண்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள். தன் புடவைத் தலைப்பால் அவன் தலையைத் துவட்டுகிறாள். சுபம். அந்த வாரம் எனக்கு வந்த கடிதங்களை ஒரு பையில் கட்டி இன்றும் வைத்திருக்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். என் எழுத்துக்குக் கிடைத்த பட்டம் அந்தக் கடிதப் பைதான் என்று பெருமைப்பட்டதும் உண்டு.

அந்தப் பெண்ணின் பெயர் இங்கே வேண்டாம். வயது முப்பத்தாறு. தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்குப் போய் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பூட்ஸின் மேல்பாகத்தை, அவர்கள் பாஷையில் 'அப்பர்', தைக்கிற மிஷினில் சேர்ந்தவள். இன்று நாற்பது பெண்களுக்கு மேலே சூபர்வைசர். இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் தோல் வேலை என்றால் ஆண்கள் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்கிற வேலை. இன்றைக்கு ஆம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐரோப்பாவுக்குப் போகிற பூட்ஸைத் தைக்கிற கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் எத்தனையோ அடுப்புகள் அந்தக் கைகளால் எரிகின்றன. கதை எழுதுகிறவர்கள்தான் இன்னும் டைப்ரைட்டர் தட்டுகிற கதாநாயகியைத் தாண்டி வரவில்லை.

புருஷன் தோல் தரகு பார்த்தவர். பெங்களூருக்குப் போகிறேன் என்று போனார். அங்கே வேறு ஒரு குடும்பம் ஏற்பட்டது. பிறகு, மனம் ஒத்து விவாகரத்து என்று காகிதம் வந்தது. இவள் வேலூருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த நாள் ஷிப்டுக்குப் போனாள். குழந்தைக்கு அப்போது நாலு வயது. இப்போது பன்னிரண்டு. இடையில் பிராவிடண்ட் பண்டில் முன்பணம் எடுத்து இரண்டு அறையும் ஒரு திண்ணையும் உள்ள வீடு கட்டியிருக்கிறாள். திண்ணை அவளுடைய ஆசை. இந்தக் காலத்தில் யார் திண்ணை வைக்கிறார்கள் என்று மேஸ்திரி சண்டை போட்டாராம்.

நான் போய் உட்கார்ந்ததும், "மாமா எதுக்கு அனுப்பினாருன்னு தெரியும் ணா. மொதல்ல காப்பி குடிங்க" என்றாள். குடித்தேன். பிறகு அவளே சொன்னாள்.

"அவரு வந்து நின்னா எனக்கு இன்னா ஆகும்னு எட்டு வருஷமா நெனச்சு வெச்சிருந்தேன் ணா. செருப்பால அடிப்பேன்னு நெனச்சேன். இல்ல, காலக் கட்டிக்கினு அழுதுடுவேனோன்னு பயமும் இருந்திச்சு. ரெண்டும் நடக்கல. 'வாங்க, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டேன். கரண்டு கணக்கு எடுக்க வர்றவரக் கேக்கற மாதிரி."

அவர் கையில் மீன் வாங்கி வந்திருந்தாராம். அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காது. இவள் அதை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள்.

"கழுவும்போது ஒண்ணு தோணிச்சு ணா. இந்த எட்டு வருஷத்துல நான் ஒரு நாளும் மீன் வாங்கலியே, ஏன்? காசு இல்லாமலா? இல்ல. எனக்கு மீன் பிடிக்காது. கல்யாணம் ஆன நாளா ஆக்கினேன், தின்னேன். பிடிக்காதுன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கொழம்பு வெச்சேன். பொண்ணு நல்லா சாப்பிட்டா. அவளுக்கு அவங்க அப்பா நாக்கு. நான் மோர் ஊத்திகினேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு மேல இருக்கற கோவத்துலதான் இந்த வீட்டக் கட்டினேன்னு நெனச்சுகினு இருந்தேன். ஊருல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, 'வைராக்கியமா நின்னு கட்டினா'ன்னு. அவரு எதிர்ல வந்து உக்காந்தப்போ பாத்தா, கோவமே இல்ல. அப்போ இந்த வீட்ட யாரு கட்டினது? எனக்கு வேணும்னு நான்தான கட்டினேன்? இது இத்தினி நாளா எனக்குத் தெரியலியே ணா!"

நான் கொண்டுபோன உபதேசம் அந்த இடத்தில் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் வந்த வேலையை விடக்கூடாது என்று, "குழந்தைக்கு அப்பா வேண்டாமா, அம்மா?" என்று கேட்டேன்.

"வேணும். வரட்டும். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம வந்து பாக்கட்டும், வேலூர் கோட்டைக்கு இட்டுகினு போகட்டும், ஸ்கூல் பீசுல பாதி குடுக்கட்டும். அவரு கிட்டவே சொல்லிட்டேன். பொண்ணுக்கு அப்பா வேணுமான்னு எல்லாரும் கேக்கறீங்க. எனக்குப் புருஷன் வேணுமான்னு ஒருத்தரும் கேக்கலியே." சற்று நேரம் கழித்து, "உங்க கதையிலகூட அந்த டீச்சரம்மா, அவரு வாசல்ல நிக்கறப்போ இன்னா நெனச்சாங்கன்னு நீங்க எழுதவே இல்ல ணா. மழையத்தான் எழுதினீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து நாவலை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். மூன்று பக்கம் மழை.

இனி அவளுடைய பேச்சு இல்லை, என்னுடைய பேச்சு. கோபித்துக்கொள்கிறவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும்.

'திருந்திவிட்டான்' என்கிறோமே, அதற்குச் சாட்சி யார்? இந்த மனிதர் விஷயத்தில் நான் விசாரித்த வரையில் சாட்சிகள் மூன்று: சர்க்கரை வியாதி, படுத்துப்போன வியாபாரம், காலியாகிப் போன பெங்களூர் வீடு. இவற்றைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. மனிதனுக்குத் தளர்ச்சி வரும். தளர்ந்தவன் நிழல் தேடுவான். ஆனால் தளர்ச்சிக்குத் திருந்துதல் என்று பெயர் சூட்டி, அதற்கு ஆரத்தி எடுக்க ஒரு பெண்ணைத் தட்டும் கையுமாக வாசலில் நிறுத்துகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். பாலாற்றை நாசமாக்கிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு நியாயத்தை உறுதி செய்தது: கெடுத்தவன்தான் சீர்செய்யும் செலவைக் கொடுக்க வேண்டும் என்று. வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கு அது. ஆற்றுக்கு ஒரு நியாயம், அகமுடையாளுக்கு ஒரு நியாயமா? ஆற்றைக் கெடுத்தவன் அபராதம் கட்ட வேண்டும். வாழ்வைக் கெடுத்தவனுக்கோ மீன் குழம்பும் பாயும் தலையணையும்!

மளிகைக் கடை நண்பர் சட்டத்தை மதிக்கிறவர். "ஆனால் தாலி கட்டினவன் தாலி கட்டினவன்தானே?" என்றார். இல்லை, ஐயா. நம்முடைய சென்னை மாகாணத்தில் 1949-லேயே இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் நாட்டுக்கே அதைப் பொதுவாக்கிற்று. இருவரும் மனம் ஒத்துப் பிரியலாம் என்பது 1976-ல் திருத்தமாக வந்தது. தீர்ப்பு ஆன பிறகு அந்த இருவரும் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி அல்ல. மறுபடியும் சேர்ந்து வாழ விரும்பினால் மறுபடியும் கல்யாணம்தான் செய்துகொள்ள வேண்டும். அதாவது, புதிதாக ஒரு பெண்ணைக் கேட்டு வருகிற மாதிரி அவர் கேட்க வேண்டும். அவள் சம்மதிக்க வேண்டும். யாராவது கேட்டார்களா? புதிய வரன் ஒன்று, வயது நாற்பத்தைந்து, வருமானம் இல்லை, முன்பு ஒரு மனைவியைக் கைவிட்டவர் என்று ஜாதகம் கொண்டு வந்தால் இதே தாய்மாமன் தரகரைக் கடையிலிருந்து இறக்கி விட்டிருப்பார். அதே வரன் பழைய புருஷன் என்ற சட்டை போட்டுக்கொண்டு வந்ததும் மாமனுக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டார்!

'குழந்தைக்காக' என்கிற வார்த்தையைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. அந்த வார்த்தைக்கு நானும் முப்பது வாரம் கூலி வாங்கியிருக்கிறேன். தகப்பன் திரும்பி வருவது ஒன்று. புருஷன் திரும்பி வருவது வேறொன்று. வருகிறவர் ஒரே ஆளாக இருக்கிறார் என்பதனால் நாம் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறோம். விவாகரத்து மனைவியிடமிருந்துதான், மகளிடமிருந்து எந்தக் கோர்ட்டும் ஒருவனுக்கு விவாகரத்துக் கொடுப்பதில்லை. பிள்ளையைப் பராமரிக்கிற கடமை தகப்பனுக்கும் தாய்க்கும் உண்டென்று 1956-ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. இந்த எட்டு வருஷத்தில் அந்தக் கடமையை ஞாபகப்படுத்த ஊரில் ஒருவர்கூட பெங்களூருக்குப் பஸ் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. இப்போது அவளைச் சம்மதிக்க வைக்க மட்டும் வேலூரிலிருந்து எழுத்தாளனை வரவழைக்கிறார்கள்.

தாய் ஒருத்தி தன் கையெழுத்தால் பிள்ளைக்குப் பொறுப்பேற்கலாமா என்பதே இந்த நாட்டில் உச்ச நீதிமன்றம் வரையில் போன கேள்வி. போனவர் கீதா ஹரிஹரன் என்கிற ஆங்கில நாவலாசிரியை. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க, தாயே பாதுகாவலர் என்று எழுதிக் கொடுத்தார். தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. 'தகப்பன், அவனுக்குப் பிறகு தாய்' என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தப் 'பிறகு' என்பதற்கு, அவன் செத்த பிறகு என்றுதான் பொருள் கொள்ள வேண்டும் என்பதில்லை, அவன் பொறுப்பில் இல்லாத போதும் என்று பொருள் கொள்ளலாம் என 1999-ல் தீர்ப்பாயிற்று. ஒரே ஒரு சொல்! சொற்களை வைத்துப் பிழைக்கிற எங்கள் ஜாதிக்காரர் ஒருவரே போய் அந்தச் சொல்லின் பூட்டைத் திறந்தார் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நிற்க. இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று சொல்கிறவர்கள் பெரியபுராணத்தைப் புரட்டிப் பார்க்கலாம். காரைக்காலில் புனிதவதி என்று ஒருத்தி. கணவன் பரமதத்தன் அவளிடம் தெய்வத் தன்மையைக் கண்டு அஞ்சி, வியாபாரத்துக்கென்று கப்பலேறிப் போனான்; பாண்டி நாட்டில் ஒரு பட்டினத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டான்; பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். உறவினர்களுக்குச் சேதி தெரிந்தது. என்ன செய்தார்கள்? நம்முடைய மளிகைக் கடை நண்பர் செய்ததைத்தான். அவளைச் சிவிகையில் ஏற்றிக்கொண்டு அவன் இருந்த ஊருக்குப் போனார்கள். பாருங்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலும் சேர்த்து வைக்கிற புண்ணியத்துக்கு ஆள் பஞ்சம் இல்லை! அவனோ இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுந்தான். சேக்கிழார் அவளை அந்த வீட்டுச் சமையற்கட்டுக்கு அனுப்பவில்லை. இவனுக்காகச் சுமந்த இந்த உடம்பின் அழகு இனி எனக்கு வேண்டாம் என்று கடவுளிடம் கேட்டு அவள் உதறுகிறாள். அதன் பிறகுதான் அவள் அம்மையார், அதன் பிறகுதான் பாட்டு. பக்தர்கள் அதைப் பக்தியாகப் பார்க்கட்டும். கதை எழுதுகிறவனாகிய எனக்கு, கணவன் எதிரில் நின்ற கணத்தில் அவள் தன்னைக் கண்டுகொண்டாள் என்பதுதான் பெரிதாகப் படுகிறது. அங்கே மழை பெய்யவில்லை.

இந்தப் பக்கத்திலேயே இன்னொரு தாய் இருக்கிறாள். பள்ளிகொண்டாவிலிருந்து திரும்பினால் குடியாத்தம். வைகாசி முதல் தேதி அங்கே கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும். கூட்டத்தில் எள் போட்டால் விழாது. அது ரேணுகையின் தலை. வெட்டச் சொன்ன வாய் கணவனுடையது. வெட்டிய கை மகனுடையது. உயிர்ப்பிக்கக் கேட்ட வரமும் மகனுடையது. ரேணுகை ஒரு வார்த்தை பேசுகிற இடம் எது? தலையைத் தோளில் சுமந்து கொண்டாடத் தெரிந்த நமக்கு அந்தத் தலைக்குள்ளே என்ன ஓடிற்று என்று கேட்கத் தோன்றவில்லையே!

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. நார்வே நாட்டு இப்சன் 1879-ல் 'பொம்மை வீடு' நாடகத்தை எழுதினார். கடைசியில் நோரா கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள். ஜெர்மனியில் அந்த வேஷம் போட வேண்டிய நடிகை, நான் என் பிள்ளைகளை ஒருக்காலும் இப்படி விட்டுப் போக மாட்டேன், நடிக்க முடியாது என்றுவிட்டாள். வேறு யாராவது கை வைத்துக் கெடுப்பதைவிட நானே கெடுத்துத் தொலைக்கிறேன் என்று இப்சனே முடிவை மாற்றி எழுதிக் கொடுத்தார்: தூங்குகிற குழந்தைகளைப் பார்த்து நோரா கால் மடங்கி அங்கேயே விழுகிறாள். தன் நாடகத்துக்குச் செய்யப்பட்ட காட்டுமிராண்டித்தனம் என்று அதை அவரே சொன்னார். அவருக்காவது வெட்கம் இருந்தது. எனக்குக் கடிதப் பை இருந்தது.

இதைப் படிக்கும் முற்போக்கு நண்பர்கள் சிலர் கை தட்டுவார்கள் என்று தெரியும். "சரி, அவள் ஏன் அவன் முகத்தில் கதவை அறையவில்லை? மீனை ஏன் சமைத்தாள்? கதையை இன்னும் காரமாக எழுதியிருக்கலாமே" என்பார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. தலை துவட்டுகிற கதாநாயகியும் கதவை அறைகிற கதாநாயகியும் எனக்கு இப்போது அக்கா தங்கையாகத்தான் தெரிகிறார்கள். இருவருமே அவன் வந்து நிற்பதற்காகக் கதவுக்குப் பின்னாலே காத்திருந்தவர்கள். பள்ளிகொண்டாப் பெண் காத்திருக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கோபம் தேவைப்படவில்லை.

மனசாரச் சேர்ந்து கொள்கிற பெண்களும் உண்டு. தனிமை பொய்யல்ல, முதுமை பொய்யல்ல, பழைய அன்பு சாம்பலுக்குள் கிடந்து மறுபடி பற்றிக்கொள்வதும் பொய்யல்ல. அப்படி ஒருத்தி, "எனக்கு இவர் வேண்டும்" என்று சொன்னால் அந்தக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக மாலை வாங்கிக்கொண்டு நான் போவேன். 'எனக்கு' என்று அவள் சொல்ல வேண்டும். மாமன் சொல்லக்கூடாது, பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லக்கூடாது, நாவலாசிரியன் சொல்லவே கூடாது.

ஊரின் ஒழுக்கத்தைப் பற்றி ஒன்று மீதி இருக்கிறது. அவள் சொன்ன ஏற்பாட்டுக்கு அவர் ஒருவாறு சம்மதித்துவிட்டார். ஒன்று விட்டு ஒரு ஞாயிறு காலை வருகிறார். மகளோடு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். தரகர் அல்லவா, கணக்கு நன்றாக வருகிறது. பொழுது சாய்கிற நேரத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறார். இதுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை. "அறுத்துக்கிட்டவன் வந்து வந்து போறானே, இது என்ன குடும்பம்?" என்று பேச்சு. அவர் எட்டு வருஷம் எட்டிப் பார்க்காதபோது ஊருக்கு வாயில்லை. அவர் உள்ளே புகுந்து அவள் சம்பாத்தியத்தில் படுத்துக்கொண்டால் அது தர்மம். மகளைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் மரியாதையாகப் போனால் அது அசிங்கம். இராத் தங்கினால் கௌரவம், தங்காவிட்டால் அவமானம் என்கிற இந்த ஒழுக்கத்தை எந்த சாஸ்திரத்தில் கண்டார்கள் என்று யாராவது எனக்கு எழுதினால் கடிதப் பையில் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

அன்று திரும்பி வருகிற வழியில் நண்பரின் கடையில் ஏறினேன். "சொன்னீங்களா?" என்றார். "கேட்டேன்" என்றேன். "அந்தக் கடைசி அத்தியாயம்?" "அது தப்பு; நான் எழுதினது தப்பு" என்றேன். அவர் யாருக்கோ துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து முடிக்கிற வரையில் நிமிரவில்லை; முடித்த பிறகும் நிமிரவில்லை. சுங்கச் சாவடிப் பக்கம் நடந்துபோய் வேலூர் பஸ் பிடித்தேன்.

பங்குனி மாதம் மகளின் படிப்புக்கு அவர் 3,000 ரூபாய் கொடுத்தாராம். சித்திரைக்கு வரவில்லை. வைகாசியிலும் வராவிட்டால் வக்கீலைப் பார்க்கப் போவதாக நேற்றுப் போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறபோது வழக்கம்போல் காப்பி கொடுப்பாளாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாள்.